செத்த கார்டுக்குப் பொட்டு எதற்கு?

"செத்துப்போச்சுன்னா எப்படிச் செத்துச்சு, அதைச் சொல்லு..."

"அக்கா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க..."

"நீ சொன்னதைத்தான் கடை கடையாப் போயிச் சொன்னேன், அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாய்ங்க..."

"எரர் வந்துச்சுன்னா வந்ததுதான், நான் என்ன மந்திரமா போட..."

"எம் புருசன் இடுப்பு ஒடிஞ்ச அன்னிக்குத்தான் வரணுமா அந்த எரரு?"

"அவரு துண்டுல குத்தியிருந்த என் காலர் மைக்கும்தான் அன்னிக்கு நசுங்கிப்போச்சு. நான் ஒங்க வாசல்ல வந்து நின்னேனா?"

பொன்னமராவதி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்த ஸ்டுடியோ. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் பரிமளா, அந்தப் பக்கம் ஸ்டுடியோக்காரன் அரவிந்த்குமார். இருவருக்கும் நடுவே, கண்ணாடிப் பலகையின் மேல், தபால்தலை அளவில் ஒரு கேமரா மெமரி கார்டு கிடந்தது.

பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர்கள் உட்காரும் முக்காலியில் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். வருகிற வேலையெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்புதான். எப்போதாவதுதான் இப்படி ஒன்று வரும்.

அவளுடைய உதவியாளன் ஜெரால்டு சுவர்க் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தான். கச்சேரிகளில் மிமிக்ரி செய்துகொண்டிருந்தவன். கச்சேரி குறைந்ததும் துப்பறிய வந்துவிட்டான்.

"ஏட்டம்மா, இவங்க ரெண்டு பேரும் ஒரே மூச்சுல பேசுறாங்க. நான் மேடையில ரெண்டு குரலுக்கும் தனித்தனியாக் காசு வாங்குவேன்."

"சீப்பை வச்சுட்டு அந்தக் கார்டை எடு" என்றாள் சொர்ணம்.

விஷயம் இதுதான். ஆவணிக் கடைசியில் பரிமளாவின் ஊரில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடந்தது. வேளார் வீட்டில் செய்த ஆளுயர மண்குதிரைகளைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். முதல் புரவியின் முன்கம்பில் இடது தோள் பரிமளாவின் புருஷன் குழந்தைசாமி வீட்டுக்கு உரியது. வலது தோள் சேவுகன் வீட்டுக்கு. தாத்தா காலத்து உரிமை. பாதி வழியில் புரவி இடதுபக்கம் சாய்ந்து குழந்தைசாமி மேல் விழுந்து உடைந்தது. அவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

புரவி எந்தத் தோளிலிருந்து விழுந்து உடைந்ததோ, அந்த வீட்டுக்கு இனிமேல் தோள் கிடையாது. ஊர் வழக்கம் அது. இன்று சாயங்காலம் சாவடியில் கூட்டம் போட்டு இடது தோளை வேறு வீட்டுக்கு மாற்றப் போகிறார்கள். வேறொருவன் தள்ளித்தான் விழுந்தது என்று காட்டினால் மட்டும் தப்பலாம்.

"சேவுகன் கம்பைத் தள்ளுனான். எங்கண்ணால பாத்தேன்" என்றாள் பரிமளா. "ரெண்டு கையாலயும் இப்படி, நெஞ்சால முட்டித் தள்ளுனான். நான் பொம்பளை சொன்னா ஊரு கேக்குதா? படத்துல இருந்தாக் கேப்பாங்க. சாவடியில திரை கட்டச் சொல்லிட்டேன். ஊரு பாக்கணும். அவன் பொண்டாட்டி முன்வரிசையில ஒக்காந்து பாக்கணும்."

"போன்ல ஒருத்தரும் எடுக்கலையா?" என்றான் ஜெரால்டு.

"எல்லாரும் புரவி மூஞ்சியத்தான் எடுத்திருக்காய்ங்க. கம்பை யாரு எடுப்பா? இவன் ஒருத்தன்தான் டிராக்டர் பெட்டி மேல நின்னு எடுத்தான்."

"எடுத்தேன். ஏறலை" என்றான் அரவிந்த்குமார். "அன்னிக்குச் சாயங்காலமே கார்டு போயிருச்சு. தூக்கி டிராயர்ல போட்டுட்டேன். நேத்து இவங்க வந்து கத்துனாங்கன்னு எடுத்துக் குடுத்தேன். நம்பலைன்னா வேற ஆளுகிட்டக் காட்டிக்கங்க."

"அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டுக்காரர் பேட்டிய ஊர் குரூப்புல போட்டியே, அது எந்தக் கார்டு?"

"அதே கார்டுதான். மத்தியானம் நல்லாத்தான் இருந்துச்சு."

சொர்ணம் பரிமளா பக்கம் திரும்பினாள். "சேவுகன் மேல ஒனக்கு என்ன பழைய கணக்கு?"

"எம்மக சரண்யாவுக்கும் அவன் மகன் சரவணக்குமாருக்கும் தட்டு மாத்துனோம். ஊரு முச்சூடும் சொல்லியாச்சு. ஒரு மாசங்கழிச்சுத் தட்டைத் திருப்பி அனுப்புறான். எம்மகளுக்கு என்ன கொறைன்னு அன்னையிலருந்து ஊரு கேக்குது. இப்ப அவ குளத்தூர்ல வாக்கப்பட்டு நல்லாத்தான் இருக்கா. நான்தான் இன்னும் அந்தத் தட்டைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

"அதனாலதான் போலீஸ்ல குடுத்த மனுவுல மகன் பேரையும் சேத்தியா?"

"அவனும் பின்கம்புலதான நின்னான். துபாய் போகணும், போலீஸ் சர்ட்டிபிகேட்டு வேணும்னு அலையுறான். அலையட்டும். புரவி எடுப்பன்னிக்கு விடியக்காலையில எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். தட்டைத் திருப்பி அனுப்புனவனோட ஒரே கம்புல தோள் குடுக்கப் போறீங்களே, ஒங்களுக்குக் கூசலையான்னு. கேட்டுக்கிட்டுப் பேசாமப் போனாரு. அவரு எப்பவும் அப்படித்தான். வாயில்லாத பூச்சி."

"இப்ப ஆஸ்பத்திரியில என்ன சொல்றாரு?"

"சுவத்தைப் பாத்தே படுத்திருக்காரு."

"வீடியோ கெடைச்சுச்சான்னு கேட்டாரா?"

பரிமளா யோசித்தாள். "கேக்கலை."

"ஸ்டேஷன்ல சேவுகன் என்ன சொன்னாரு?"

"குழந்தைசாமிக்குக் கால் இடறிருச்சுன்னு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. குத்தமுள்ளவன் அப்படித்தான சொல்லுவான்?"

"குத்தமுள்ளவன் நெறையப் பேசுவான்" என்றபடி சொர்ணம் எழுந்தாள். "ஜெரால்டு, வா."

எதிர்ச்சாரியில் ரெங்கராஜ் என்பவரின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அவர் கார்டை ஒரு ரீடரில் போட்டார், எடுத்தார். வேறு ரீடரில் போட்டார். வேறு கம்ப்யூட்டரில் போட்டார். கார்டின் ஓரத்தில் இருந்த சின்னப் பூட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கடைசியில் ஒரு பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்து அதிலும் போட்டார். கேமரா, கார்டே இல்லை என்றது.

"அழிஞ்ச படத்தை மீட்கிற சாப்ட்வேர் இருக்குங்கிறாங்களே?" என்றாள் சொர்ணம்.

"இருக்குங்க. ஆனா கார்டு உள்ள வந்தாத்தான அது தேடும்? இது வாசலுக்கே வரலை."

"கார்டு கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

"கெட்ட கார்டுன்னா கம்ப்யூட்டர் ஏதாவது கேக்குங்க. படிக்க முடியலை, அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்கும். இதுக்கு ஒண்ணுமே கேக்கலை. கார்டு போட்டதே அதுக்குத் தெரியலை."

வெளியே வந்ததும் ஜெரால்டு பெருமூச்சு விட்டான். "எங்க வீட்டுல நான் வந்ததும் இப்படித்தான். உள்ள வந்ததே யாருக்கும் தெரியாது."

"ஸ்டேஷன்ல ஒருத்தன் உளறுனா அவன் கெட்டுப்போயிருக்கான்னு அர்த்தம்" என்றாள் சொர்ணம். "சத்தமே வரலைன்னா வாயை யாரோ அடைச்சிருக்காங்க."

வெயிலில் நின்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டைத் திருப்பினாள். ஒரு பக்கம் ஆங்கில எழுத்து. மறுபக்கம், மேல் ஓரத்தில், சீப்புப் பல் போல வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் தங்கநிறத்தில் ஒரு பட்டை. நடுவில் இருந்த பட்டைகள் மட்டும் மங்கித் தெரிந்தன. சொர்ணம் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி அந்த இடத்தை மெல்லச் சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. அதில் ஊசி முனையளவு சிவப்பு.

"மோந்து பாரு."

ஜெரால்டு மோந்தான். "கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

"என்னது?"

"சந்தனம். சிவப்பு குங்குமம். அப்ப குத்தவாளி சாமி கும்பிடுற ஆளு. நான் சந்தேக லிஸ்டுல இல்லை."

"தெருவைப் பாரு."

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கரும்புச்சாறு மிஷினில் பொட்டு காய்ந்திருந்தது. பலசரக்குக் கடைத் தராசில் பொட்டு. டயர் கடைக் காற்றுப் பம்பில் பொட்டு. சொர்ணத்தின் ஸ்கூட்டரிலும் முன்விளக்குக்கு மேலே ஒன்று.

"இந்த ஸ்கூட்டருக்கு நான்தான பொட்டு வச்சேன்? ஹாரனுக்கு வச்சேனா?"

"ஹாரன்தான் அடிக்காதே. அதைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்க. அன்னையிலருந்து நான்தான வாயால அடிச்சுக்கிட்டு வாரேன்."

"அதான். ஆயுத பூஜையில ஓடுற சாமானுக்குத்தான் பொட்டு. ஓடாததை யாரும் கழுவித் தட்டுல வைக்கிறதில்லை. புரவி எடுப்பன்னிக்கே கார்டு செத்துப்போச்சு, டிராயர்ல போட்டேங்குறான் அந்தப் பய. செத்த கார்டுக்கு ஒருத்தன் பொட்டு எதுக்குடா வைக்கணும்?"

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். "புதுசா வாங்குனப்ப வச்ச பொட்டா இருந்தா?"

"வாயை அடைச்சது இந்தச் சந்தனம்தான். வாங்கினப்பவே அடைச்சிருந்தா அன்னிக்கு மத்தியானம் பேட்டியை எப்படி எடுத்துக் குரூப்புல போட்டான்?"

"அப்ப பூஜையன்னிக்குக் கார்டு உயிரோட இருந்திருக்கு."

"இருந்திருக்கு. அதுக்குள்ள படமும் இருந்திருக்கு. அவனுக்கும் அது தெரியும். வா, தண்ணி தாகமா இருக்கு."

"எதிர்த்தாப்புல ஜூஸ் கடை இருக்கே."

"அங்க அவன் பொண்டாட்டி இருக்க மாட்டா."

ஸ்டுடியோவுக்குப் பின்பக்கமே அரவிந்த்குமாரின் வீடு. அவன் மனைவி சத்யா கொல்லைப்பக்கத்தில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் நடக்கும் சத்தத்துக்கு இரண்டு நாளாகக் கதவைச் சாத்தியே வைத்திருப்பதாகச் சொன்னாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பூஜையெல்லாம் பலமாப் போல" என்றாள் சொர்ணம். "கடையில கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு இருக்கு."

சத்யாவுக்கு முகம் மலர்ந்தது. "ஒண்ணு விடமாட்டேங்க. ஸ்டாப்ளர், கத்தரிக்கோல் எல்லாத்துக்கும் வச்சிருவேன். நமக்குச் சோறு போடுற சாமானாச்சே."

"கேமரா கார்டுக்கெல்லாமா?"

"கேமராவுக்கும் கார்டுக்கும் அவருதான் வப்பாரு. அதெல்லாம் என்னையத் தொட விடமாட்டாரு. ஒரு கார்டு மட்டும் பீரோவுல, என் நகை டப்பாவுல, துணியில சுத்தி வச்சிருந்தாரு. அம்புட்டுப் பத்திரமா வச்சிருக்காரே, பூஜைக்கு எடுக்க மறந்துட்டாரேன்னு நானே எடுத்துத் தட்டுல வச்சுப் பொட்டும் வச்சேன். சாயங்காலம் பழையபடி துணியில சுத்தி வச்சுட்டேன்."

"எந்தப் பக்கம் வச்சே?"

"முகத்துலதாங்க. தங்கப்பட்டை மாதிரி மினுமினுன்னு இருக்குமே, அந்தப் பக்கம். மத்த பக்கம் வெறும் இங்கிலீசு எழுத்துத்தான்." அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, பொட்டை முகத்துலதான வைக்கணும்? முதுகுலயா வப்பாங்க?"

ஜெரால்டு சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தான். "நீங்க சொல்றதுதான் நியாயம். கார்டு பண்ணவன்தான் முகத்தை மாத்தி வச்சுட்டான்."

சொர்ணம் நடையைத் தாண்டி ஸ்டுடியோவுக்குள் வந்தபோது பரிமளா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரவிந்த்குமார் கல்யாண ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தான். சத்யா ஈரக்கையோடு பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள்.

"தம்பி, கார்டை எந்த டிராயர்ல போட்டே?" என்றாள் சொர்ணம்.

"இந்த டிராயர்தான்."

"அதுக்கு நகை டப்பான்னு பேரா?"

அரவிந்த்குமார் மனைவியைப் பார்த்தான். சத்யா, "நான் பொட்டு மட்டும்தாங்க வச்சேன்" என்றாள்.

"செத்த கார்டைத் துணியில சுத்தி நகையோட வச்ச ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றான் ஜெரால்டு. "சட்டத்துல போட்டு மாட்டி மாலை போட்டிருந்தாக்கூட நம்பியிருப்பேன்."

பரிமளா எழுந்தாள். "எம்புட்டுக் குடுத்தான் சேவுகன்?"

"அக்கா, சத்தியமா அவரு எங்கிட்டப் பேசவே இல்லை."

"அப்ப எதுக்கு ஒளிச்ச? யாருக்காக ஒளிச்ச? எம் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு நீ நல்லாருப்பியா?"

"ஏட்டம்மா, இவங்களைக் கொஞ்சம் வீட்டுக்கு அனுப்புங்க. ஒங்ககிட்டத் தனியாச் சொல்றேன்."

"எங்கிட்டயே சொல்லு. கார்டு எனக்குத்தான் வேணும்."

சொர்ணம் நிதானமாகக் கேட்டாள். "ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சா?"

அரவிந்த்குமார் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தான். "வந்துச்சுங்க. விழுந்த மறுநாளே. குழந்தைசாமி அண்ணன்தான் பேசுனாரு. அழுதாரு. அதை அழிச்சுரு தம்பி, ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது, பரிமளா கேட்டா கார்டு போச்சுன்னு சொல்லுன்னாரு. எனக்கு அழிக்கக் கை வரலை. சாமி வர்ற படம். அதான் பத்திரமா வச்சேன். பூஜை முடிஞ்சு ஒருநாள் போட்டுப் பாத்தா நெசமாவே ஓடலை. நான் சொன்ன பொய்யை அய்யனாரே உண்மையாக்கிட்டாருன்னு நெனச்சேன். அதனாலதான் நேத்துத் தைரியமா எடுத்துக் குடுத்தேன்."

"அய்யனார் இல்லை. ஒன் வீட்டம்மா" என்றான் ஜெரால்டு.

பரிமளாவின் குரல் இறங்கியிருந்தது. சூடு இறங்கவில்லை. "பயந்துட்டாரு. நாளைக்குச் சேவுகன் மூஞ்சியில முழிக்கணுமேன்னு பயந்துட்டாரு. அவரு எதுக்குத்தான் பயப்படலை? அவருக்கும் சேத்து நான்தான பாக்கணும். ஏட்டம்மா, அந்தச் சந்தனத்தை எடுங்க."

சொர்ணம் அசையவில்லை. "பரிமளா, முதல்ல நான் மட்டும் பாக்கட்டா? பாத்துட்டு ஒனக்குச் சொல்றேன்."

"எதுக்கு? தள்ளுனதை நான் நேர்ல பாத்தவ."

"நீ எங்க நின்னு பாத்தே?"

"குலவை போடுற பொம்பளைங்களோட, பின்னால. சத்தங்கேட்டு எக்கிப் பாத்தேன். அப்பத்தான் அவன் தள்ளுறான்."

"சத்தங்கேட்டு" என்றாள் சொர்ணம். பிறகு ஜெரால்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டை அரவிந்த்குமார் எடுத்துக் கொடுத்தான். ஜெரால்டு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து ஒவ்வொரு பள்ளமாகத் துடைத்தான். "நோயாளி வாயை நல்லாத் தொறக்கணும். இன்னும் கொஞ்சம். உறவுக்காரங்க வெளியில இருங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. பஞ்சு மஞ்சளாகி, அடுத்த பஞ்சு வெளிர்மஞ்சளாகி, கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. தங்கப்பட்டைகள் ஒன்றுபோல மின்னின. ஊதிக் காயவைத்து ரீடரில் செருகினான்.

கம்ப்யூட்டர் டிங் என்றது. திரையில் படங்கள் வரிசைகட்டி வந்தன.

"முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கலாமா?" என்றான் ஜெரால்டு.

"காப்பியெல்லாம் அப்புறம். போடுங்க" என்றாள் பரிமளா.

அரவிந்த்குமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிப் படத்தை ஓடவிட்டான்.

மேலிருந்து எடுத்த காட்சி. மாலையும் வேட்டியும் கட்டிய முதல் புரவி தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது. முன்கம்பின் இடதுமுனையில் வெற்றுடம்போடு, கழுத்தில் துண்டோடு குழந்தைசாமி. வலதுமுனையில் சேவுகன். பின்கம்பில் சரவணக்குமார், புரவியின் பின்னங்கால் மறைப்பில், குனிந்த தலையோடு. கொட்டுச் சத்தம் தூரத்தில்தான் கேட்டது. அதற்கு முன்னால் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"இது என்ன மூச்சு?" என்றாள் பரிமளா.

"மைக்கு" என்றான் அரவிந்த்குமார், திரையைப் பார்க்காமல். "பேட்டிக்குக் குத்துனது. கழட்ட மறந்துட்டேன். அண்ணன் துண்டுலதான் இருந்துச்சு."

படத்தில் குழந்தைசாமி ஒருமுறை வலதுபக்கம் திரும்பிச் சேவுகனைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் திறந்தார். கம்பைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயரத் தூக்கினார். புரவி வலதுபக்கமாக, சேவுகன் மேல் சாய்ந்தது. கூட்டம் கத்தியது. சேவுகன் ஒரு அடி தடுமாறி, கம்பை நெஞ்சில் வாங்கி, இரண்டு கையாலும் எதிர்த்து முட்டித் தள்ளினார். போன வேகத்தில் புரவி திரும்பி இடதுபக்கம் வந்தது. குழந்தைசாமியின் கைகள் மேலேதான் இருந்தன. தோள் அங்கே இல்லை.

மண்தூசி அடங்கியபோது, உடைந்த புரவியின் கழுத்துக்கு அடியில் கையை விட்டுக் குழந்தைசாமியை முதலில் தூக்கியது சேவுகன்தான்.

ஜெரால்டு கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தான்.

"திரும்பப் போடு" என்றாள் பரிமளா.

"வேணாம் அக்கா."

"போடுன்னேன். தூக்குறதுக்கு முன்னால என்னமோ பேசுறாரு. சத்தத்தைக் கூட்டி வை."

மறுபடி புரவி மிதந்து வந்தது. மறுபடி அந்த மூச்சு. குழந்தைசாமி வலதுபக்கம் பார்த்தார், கண்ணை மூடினார். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. கோபம் இல்லாத குரல். சந்தைக்குப் போகிறவர் வாசலில் நின்று வீட்டுக்குள் சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

"பரிமளா, பாத்துக்க."

அரவிந்த்குமார் அங்கேயே நிறுத்தினான். திரையில் கம்பு பாதி உயரத்தில் நின்றது.

ஜெரால்டு முக்காலியைப் பரிமளாவின் பக்கம் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை. கவுண்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

சொர்ணம் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "சேவுகன் மொத நாளே இதை ஊர்ல சொல்லியிருக்கலாம். சாமி காரியத்துல கை வச்சவன்னு தெரிஞ்சா ஒன் வீட்டை ஊரே ஒதுக்கி வச்சிருக்கும். அந்த மனுசன் கால் இடறிருச்சுன்னு மட்டும் சொன்னாரு."

"ம்."

"தோள் போகட்டும். ஒன் புருசன் பேரு வெளிய வர வேணாம். இதைத் திரையில காட்டச் சொல்லி நான் சொல்லலை. ஆனா ஸ்டேஷனுக்கு வந்து மனுவை வாபஸ் வாங்கு. சரவணக்குமாருக்கு விசா இந்த மாசத்தோட முடியுது. பின்கம்புல குனிஞ்சு நின்னவனுக்கு இதுல என்ன பங்கு? வேணாம்னு நீ சொன்னா, இந்தக் கார்டை நானே ஸ்டேஷன்ல குடுக்க வேண்டி வரும்."

"அவன் அப்பன் தட்டைத் திருப்பி அனுப்புனப்ப எம்மக என்னங்கம்மா பண்ணுனா?"

"அதுக்கு அந்தப் பயலோட பொழப்பா?"

"எங்க வீட்டுக்காரர் இடுப்பைக் குடுத்திருக்காரு ஏட்டம்மா. எனக்காகக் குடுத்திருக்காரு. வாயில்லாத பூச்சின்னேன். அந்தப் பூச்சி எனக்காக அம்புட்டு ஒசரம் தூக்கியிருக்கு. இனிமே எந்திரிச்சு நடப்பாரான்னு டாக்டருக்கே தெரியலை. அதை ஒண்ணுமில்லாமப் போக விடச் சொல்றீங்களா?"

வெளியே மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்று ஏதோ விளம்பரம் கத்திக்கொண்டு போனது.

பரிமளா கையை நீட்டி ரீடரிலிருந்து கார்டை உருவினாள். ஜெரால்டு அவள் கையைப் பார்த்தான், சொர்ணத்தைப் பார்த்தான். சொர்ணம் கண்ணாலேயே பொறு என்றாள். திரையில் குழந்தைசாமியும் கம்பும் மறைந்து கறுப்பானது. பரிமளா கார்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். தங்கப்பட்டைகள் மேலே வந்தன. முந்தானை நுனியால் அதை ஒருமுறை ஒற்றினாள். பிறகு கதவோரம் நின்ற சத்யாவைப் பார்த்தாள்.

"ஏத்தா சத்யா, கொஞ்சம் சந்தனம் கொழைச்சுக் கொண்டாறியா?"